ஓர் ஆண் குளவிக்காக

கடுகில் பாதிகூட இல்லாத ஒரு குளவி என்னை இந்தப் பாடு படுத்தும் என்று முன்பே தெரிந்திருந்தால் வேறு படிப்புக்குப் போயிருப்பேன். பீர்க்கு இலைக்குள் ஓர் ஈயின் புழு புகுந்து, பச்சையைத் தின்றுகொண்டே வெள்ளைக் கோடு கிழித்துப் போகும். அந்தப் புழுவைத் தின்று வளர்வது இந்தக் குளவி. ஆலங்குடிப் பக்கம் ஓர் அக்காவின் பந்தலில் கோடு விழுந்த இலைகளைப் பறித்து வந்து, டப்பாவில் போட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி வைத்தால் சில நாளில் குளவிகள் வெளியே வரும். அதுவரை ஒரு வம்பும் இல்லை. வந்ததற்குப் பேர் கண்டுபிடிப்பதில்தான் வம்பு.

வந்ததெல்லாம் பெண். இனம் பிரிக்கும் கையேட்டில் மயிர், நரம்பு, கால் நிறம் என்று பார்த்துக்கொண்டே போனால், கடைசியில் ஆணின் உணர்கொம்பைப் பார்க்கச் சொல்லிக் கைவிரித்துவிடும். எழுதியவர் எதிரில் இருந்திருந்தால் நன்றாக நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அக்காவுக்கோ அவசரம். மகன் பூச்சிமருந்து வாங்கி வைத்துவிட்டான். என் வார்த்தைக்காகத்தான் அடிக்காமல் இருந்தார்கள். அடித்தால் ஈ எப்படியோ தப்பித்து மறுபடி வரும், குளவிதான் கூண்டோடு சாகும். இதைச் சொல்ல என் பேராசிரியர் விடவில்லை.

"பேரை உறுதி பண்ணாம விவசாயிகிட்ட வாயத் தொறக்காதம்மா" என்றார் போனில்.

ஒருவழியாக ஓர் ஆண் வந்தது. புதுக்கோட்டையில் என் வாடகை அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட, அதை அட்டை நுனியில் ஒட்டப் போனபோது கரண்ட் போனது. கரண்ட் போனால் இருக்கிற சுவிட்சையெல்லாம் தட்டிப் பார்ப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். நானும் தட்டினேன். கரண்ட் திரும்பி வந்தபோது விளக்கும் ஃபேனும் சேர்ந்தே வந்தன. அந்தக் காற்றில் குளவி போன இடம் தெரியவில்லை. தரையில் தவழ்ந்து தேடியதில் ஓர் எறும்பு கிடைத்தது.

மறுநாள் காலை பஸ் ஏறிப் போனால் பந்தலில் கோடு விழுந்த இலை ஒன்றுகூட இல்லை.

"வாங்கம்மா. நீங்க பாவம் அலையுறீங்களேன்னு கோடு விழுந்த எலையெல்லாம் கிள்ளி எடுத்துட்டேன். பந்தல் எப்படி இருக்கு?" என்றார் அக்கா.

விருந்தாளி வரும் வீடு மாதிரி பளிச்சென்று இருந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"கிள்ளுன எலையெல்லாம் எங்கக்கா?"

"அங்கிட்டு, வேப்பமரத்தடியில சாக்குல கட்டி வச்சிருக்கேன். நாலஞ்சு நாளாச்சு, கொளுத்தத்தான் நேரமில்ல."

ஓடினேன். அக்கா என்னை முந்திக்கொண்டு, எவ்வளவு கிள்ளியிருக்கிறார் என்று காட்ட, முடிச்சை அவிழ்த்துச் சாக்கின் வாயை அகல விரித்தார். மூடுங்க என்று நான் சொல்வதற்குள் கருப்புத் தூசி மாதிரி எழும்பிப் பறந்தன. என் டப்பா இன்னும் பைக்குள்தான் இருந்தது. ஆனாலும் கண் பழக்கம் விடவில்லை; பறந்ததில் ஈ ஒன்றிரண்டுதான். மீதியெல்லாம் குளவி. எல்லாம் பந்தலைப் பார்த்தே போயின.

"என்னம்மா, கொசுவா?"

"இல்லக்கா. ஒங்க பந்தலக் காப்பாத்துறதே இதுதான். மருந்து அடிக்காதீங்க."

"அப்ப பேரு தெரிஞ்சிருச்சா?"

"தெரியல. எங்க சார்கிட்ட நான் திட்டு வாங்கிக்கிறேன்."

அவர் அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டு, மருந்தைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். நான் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உள்ளே ஓர் ஆணாவது மிச்சமிருக்க வேண்டும்.

"மூட்டையில என்னம்மா?" என்றார் கண்டக்டர். அவருக்கும் பேர் சொல்ல முடியவில்லை.