முப்பது போல்ட் சக்கரம்

போன வாரம் ஹட்டனில் நண்பர் ஒருவரின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். குளியலறைக் கண்ணாடியின் ஓரத்துக்கு ஒருவர் சிலிக்கன் அடித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததுமே புளித்த வினாகிரி வாசம் மூக்கில் ஏறியது. நண்பர் சுவர் ஓடுகளின் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் ஆள் அங்கே இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் பின்னால் போய், கந்தப்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசை அறைகளில் குடியிருந்த ஒரு லயத்தின் இஸ்தோப்புத் திண்ணையில், நான்கு கார்ச் சக்கரங்களுக்கு நடுவே குந்தியிருந்தேன்.

அப்போது நுவரெலியா டவுனில் ஒரு டயர்க் கடையில் எனக்கு வேலை. டயரைக் கழற்றுவது, மாட்டுவது, பஞ்சர் ஒட்டுவது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரிந்தவன்போல நிற்க மட்டும் நன்றாகத் தெரியும். ஒரு நாள் ருவன் என்ற சிங்கள இளைஞர் இரண்டு சாக்குகளில் நான்கு சக்கரங்களைக் கொண்டுவந்து இறக்கினார். மரக்கறி லொறி ஓட்டுகிற குடும்பம். இவருக்குக் கார்ப் பந்தயப் பித்து. மலைப்பாதையில் ஒவ்வொரு காராக ஏறி, யார் குறைந்த நேரத்தில் உச்சிக்குப் போகிறார்கள் என்று பார்ப்பார்களே, அந்தப் பந்தயம்.

சக்கரங்கள் ஜப்பானில் செய்த பழையவை. நம் கார்களில் இருப்பதுபோல ஒரே வார்ப்பு இல்லை, மூன்று துண்டு. முன்பக்கம் உதடு மாதிரி ஒரு வளையம், பின்பக்கம் பீப்பாய் மாதிரி அகலமான வளையம், நடுவில் காரோடு பூட்டுகிற முகம். மூன்றையும் சுற்றிவர முப்பது சின்ன போல்ட்கள் இறுக்கிப் பிடித்திருக்கும். மூட்டு வழியாகக் காற்றுப் போகாமல் சிலிக்கன் பூசியிருக்கும். ருவனின் சக்கரங்களில் ஒன்றின் உதடு நசுங்கியிருந்தது. நான்கிலும் காற்று நிற்கவில்லை. கொழும்பில் காட்டியபோது தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்களாம். சித்திரைச் சீசன் பந்தயத்துக்கு இரண்டு மாதம் இருந்தது.

“செஞ்சு தர்றேன்” என்று என் வாய் சொல்லிவிட்டது. என் வாய் எப்போதும் என்னைவிட ஐந்து வயது சின்னது.

கடை முதலாளி கம்பளையிலிருந்து வந்த முஸ்லிம் மனிதர், நிதானமானவர். ருவன் போன பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். “தம்பி, அந்தப் பொடியன் இதுல ஏறி மலையில வேகமா ஓடப் போறான். வளைவுல காத்துப் போனா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? கடையில வச்சுச் செய்ய ஏலா. செய்யிறதுன்னா வீட்ட கொண்டு போங்க.” கோபமில்லாமல்தான் சொன்னார். சக்கரங்களைத் திரும்பச் சாக்கில் போட்டுக் கட்டினேன்.

கந்தப்பளை பஸ்ஸின் பின்சீட்டில் நான்கு சக்கரங்களும் உட்கார்ந்து வந்தன, நான் நின்றுகொண்டு வந்தேன். தோட்டத்தின் மேல் பிரிவில், மேக்கணக்கு என்பார்கள், எங்கள் லயம். எனக்கும் கலாவுக்கும் கல்யாணமாகி ஆறு மாதம். அவள் தேயிலை ஃபெக்டரியில் தூள் சலிக்கிற பக்கம் வேலை செய்தாள். வீட்டுக்கு வந்த சக்கரங்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் எது நல்லது என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அப்படியானால் எதில் தொடங்கினாலும் ஒன்றுதான் என்று முட்டை அட்டை ஒன்றை எடுத்து வந்தாள். அட்டையில் முப்பது குழி, சக்கரத்தில் முப்பது போல்ட். எந்தத் துளையில் இருந்தது எந்தக் குழியில் என்று வரிசை பிசகாமல் அவள்தான் வைத்தாள். நானாக இருந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரு டின்னில் கொட்டியிருப்பேன்.

போல்ட்கள் துருவேறி இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு மூன்று நாள் ஊறவிட்டும் ஏழு போல்ட் முறிந்துபோனது. ஒரு பௌர்ணமிப் போயா லீவில் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடை கடையாக ஏறி, முறிந்த போல்ட்களுக்கும் நசுங்கிய உதட்டுக்கும் மாற்றுத் தேடிப் பிடித்தேன். துண்டு துண்டாக இருப்பதில் அந்த ஒரு நன்மை. கெட்டதை மட்டும் மாற்றலாம்.

பிறகு தேய்ப்பு. முதலில் கரடான காகிதம், அப்புறம் நைஸ், அதைவிட நைஸ், எல்லாம் தண்ணீர் விட்டு. தண்ணீருக்கு, மலைத் தண்ணீர் குழாயில் கொட்டுகிற பீலிக்கரைதான். சாம்பல் நிறத் தண்ணீர் ஓடியதைப் பார்த்து லயத்துப் பெண்கள் சத்தம் போட்டார்கள். நியாயம்தானே, குடிக்கிற தண்ணீர் பிடிக்கிற இடம். கலா போய்ப் பேசினாள். அதிலிருந்து எல்லோரும் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு, பீலிக்குக் கீழே வாளியில் எடுத்து வைத்துத் தேய்த்தோம். இரண்டு வாரத்தில் உதடுகள் வெள்ளிபோல வந்தன. சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பரா செல்லம்மா அக்கா குனிந்து பார்த்துவிட்டு, “ஏ புள்ள, ஏம் மூக்குத்தி தெரியுதுடி” என்றார். மறுநாளிலிருந்து பீலிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதில் ஒரு தடவை முகம் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

நடுமுகங்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, டவுனில் கிடைத்த சிலிக்கனைப் பூசி, முதல் இரண்டு சக்கரங்களைப் பூட்டினேன். நாலு நாள் காயவிட்டுக் கடைக்குக் கொண்டுபோய், டயர் மாட்டிக் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினேன். மூட்டைச் சுற்றிக் குமிழ் குமிழாக வந்தது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வீட்டில் கழற்றியபோது உள்ளே அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பூத்திருந்தது.

கலா அதை விரலால் தொட்டு முகர்ந்தாள். “எலுமிச்சங்கா ஊறுகாய அலுமினியச் சட்டியில போட்டு வச்சா என்னாங்க ஆகும்?”

“பொத்துப் போவும்.”

“இதுவும் வினாகிரி வாசம்தான அடிக்குது?”

கண்ணாடிக்குப் பூசுகிற சிலிக்கனை நான் அலுமினியத்துக்குப் பூசியிருந்தேன். பந்தயத்துக்கு மூன்று வாரம்தான் மிச்சம். படியில் உட்கார்ந்துவிட்டேன். திருப்பிக் கொடுத்துவிடலாம், ஓர் ஆளின் உயிரோடு விளையாட நாம் யார் என்றேன்.

“குடுக்கிறதுன்னா நடுவுல உள்ளதக் குடுங்க” என்றாள். “நான் தேச்ச உதட்ட நான் குடுக்க மாட்டேன்.”

மறுநாள் ஹட்டனுக்குப் போனேன். எந்தக் கடையில் கேட்டாலும் அதே வினாகிரி டியூப்பைத்தான் நீட்டினார்கள். கடைசியாக ஒரு ஹார்ட்வெயார் கடை நானா, முஸ்லிம் அண்ணர், பின் அலுமாரியைக் குடைந்து, உலோகத்துக்கென்றே வருகிற, வாசமில்லாத சிலிக்கன் நாலு டியூப் எடுத்துத் தந்தார். அந்த இரண்டையும் முழுக்கக் கழற்றி, வெள்ளை பூத்த இடங்களைச் சுரண்டித் தேய்த்துத் துடைத்து, நான்கையும் புதிதாகப் பூட்டினோம். போல்ட் எவ்வளவு இறுகுகிறது என்று அளவு காட்டுகிற ஸ்பேனரை முதலாளி கேட்காமலே கொடுத்தனுப்பினார். எதிரெதிரே மாறி மாறி, மூன்று சுற்று இறுக்கினேன். இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட் தலையிலும் கலா தன் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்தாள். மொத்தம் நூற்றிருபது பொட்டு.

இந்த முறை தொட்டித் தண்ணீரில் ஒரு குமிழ்கூட எழவில்லை. மறுநாள் அளந்தபோதும் காற்று அப்படியே இருந்தது. இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றினோம். விளிம்புக்குப் பக்கத்தில் பிடித்த, எழுதுகிற சோக்குத் துண்டில் சக்கரம் எங்கேயும் உரசவில்லை. முதலாளி தானே எழுந்துபோய்ப் பால் போடாத பிளேன்டி வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். அவரிடம் வேலை செய்த ஐந்து வருடத்தில் அது ஒரு தடவைதான் நடந்தது.

பந்தயம் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாதையில், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் லயமே லொறி பிடித்து வந்து தேயிலைக் கொழுந்து மலையின் சரிவில் நின்றது. முதல் ஓட்டத்தில் ருவன் இரண்டாவதாக வந்தார். நான் காரைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு வளைவிலும் டயர் கிறீச்சிடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாம் ஓட்டத்துக்குப் போகுமுன் காற்று அளந்தேன், ஒரு புள்ளி இறங்கவில்லை. “இப்பவாவது கண்ணத் தொறந்து பாருங்க” என்றாள் கலா. பார்த்தேன். கீழே கடைசிக் கொண்டைவளைவில் அந்த வெள்ளி உதடுகள் வெயிலில் பளீரென்று திரும்பி, ஆடாமல் அசையாமல் மேலே ஏறின.

ஒலிபெருக்கியில் ருவன் பெயரை முதலாவதாகச் சொன்னபோது சரிவு முழுக்க விசில். அவர் கோப்பையோடு நேரே எங்களிடம் வந்தார். சிவப்புப் பொட்டு வைத்தது யார் என்று சிங்களத்தில் கேட்டார். நான் கலாவைக் காட்டினேன். கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பொட்டுகளைத்தான் நினைத்துக்கொண்டு திரும்பினேன் என்றார். கோப்பை செல்லம்மா அக்கா வரைக்கும் கைமாறிப் போய்த் திரும்பி வந்தது.

அந்தப் பாதையில் இப்போது பந்தயம் நடப்பதில்லை. ருவன் காரை விற்றபோது சக்கரங்களும் அதோடு போய்விட்டன. லயத்தின் பத்துக் காம்பராவையும் இடித்துவிட்டார்கள், தனி வீடு கிடைத்தவர்கள் ஆளுக்கொரு மேட்டில் இருக்கிறார்கள். பீலி இருந்த இடத்தில் லீக்ஸ் பாத்தி.

இன்னொன்றும் போனது, அது அன்றைக்கே போய்விட்டது. அதுவரை டவுனில் யாராவது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் லயம் என்று சொல்லாமல் ‘கந்தப்பளைப் பக்கம்’ என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். பந்தயம் முடிந்து கூட்டம் கலையும்போது பளபளவென்று ஒரு காரோடு கொழும்புக்காரர் ஒருவர் வந்து, தன் சக்கரங்களை எங்கே கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

“மேக்கணக்கு லயம், மூணாவது காம்பரா.”