பினாங்கில் என் தம்பி சாமியான கதை

பினாங்கில் ஆர்மோனியம் வாசித்துப் பேரெடுத்த என் தம்பியின் கச்சேரியைக் கேட்க, மேச்சேரியிலிருந்து நானும் வீட்டுக்காரரும் போனோம். நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது, தம்பிக்கு உயிரான ஆட்டு உப்புக்கண்டம் ஒரு போசி நிறைய என் மடியில் இருந்தது.

கொட்டகை கொள்ளாத கூட்டம். வாசித்து முடித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேடைக்கு ஓடி அவன் கையைப் பிடித்து, "ஏன் சாமி இப்படி எளச்சுட்டே?" என்றேன். எங்கள் பக்கம் சின்னவர்களைச் செல்லமாகச் சாமி என்போம். அங்கிருந்த தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது தெரியுமா? மகான் என்றே நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மாள் அவன் காலில் விழுந்தாள்.

"சித்த சும்மா இருங்கக்கா" என்றான்.

"சரி சாமி" என்றேன். இன்னும் நாலு பேர் விழுந்தார்கள்.

மறுநாள் முதல் தம்பி வீடு நிறையப் பக்தர்கள், பாலும் பழமுமாக. அவர்கள் எதிரில் உப்புக்கண்டத்தை எப்படி எடுப்பது? நாங்கள் இருந்த நாளெல்லாம் தம்பி வாழைப்பழம்தான் தின்றான். சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு போசியைக் காலி செய்தவர் வீட்டுக்காரர்.

இப்போது அசலூர் போனால் மறக்காமல் தம்பி என்றே கூப்பிடுகிறேன். வீட்டுக்காரருக்குத்தான் அது பிடிக்கவில்லை. "பாசமா சாமின்னே கூப்புடு புள்ளே" என்கிறார்.