படகில் நான் கட்டிய பச்சைக் கம்பி

வாய் நீளம், ஆனால் கை சுத்தம் என்று ஊரில் எனக்குப் பேர். திருவண்ணாமலையில் இருபது வருஷமாக மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட், ஜெனரேட்டர், பைக் எது வந்தாலும் பிரித்துவிடுவேன். வேலையில் தப்பு செய்தவனை நிற்கவைத்துத் திட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட நான் ஒரு மனுஷனுக்கு என்ன செய்தேன் என்பதை எழுதுகிறேன். யாரும் எனக்காக உச்சுக் கொட்ட வேண்டாம்.

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஓர் ஏரியில் ஒருத்தர் மோட்டார் படகு விட்டிருந்தார். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர்கள் மறுநாள் வேன் பிடித்து அங்கே போவார்கள். ஆசிரமப் பக்கம் ரூம் எடுத்திருக்கும் வெள்ளைக்காரர்களும் வருவார்கள். படகை ஓட்டியவர் பக்கத்து ஊர் விவசாயி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கிணற்றுப் படியில் விழுந்து முட்டி போய்விட்டது. சேற்றில் கால் வைக்க முடியாது, கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் நிற்கவும் முடியாது.

"உக்காந்தே செய்யற வேல இந்த ஜில்லாவுலயே எனக்கு இது ஒண்ணுதான் தம்பி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

ஆடி மாசம் அந்தப் படகுக்கு நான்தான் கேபிள் மாற்றினேன். டிரைவர் பக்கத்தில் ஒரே ஒரு லிவர். முன்னால் தள்ளினால் கியர் விழும், இன்னும் தள்ளினால் வேகம் பிடிக்கும். கியருக்கு ஒன்று, ஆக்சிலேட்டருக்கு ஒன்று என்று இரண்டு கேபிள் அதிலிருந்து பின்னால் மோட்டாருக்குப் போகும். புது கேபிள் நீளம் ஜாஸ்தி. திருப்பிக் கொடுத்துச் சரியான அளவு வாங்கச் சோம்பல். மிச்ச நீளத்தைச் சுருட்டி, சீட்டுக்கு அடியில் திணித்து, பட்டறையில் கிடந்த பச்சைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. மற்றவர்கள் வண்டியைக் கழுவி மாலை போடுகிற மாதிரி அவரும் படகைக் கழுவி, மோட்டாருக்கு மாலை போட்டு, லிவருக்குச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். லிவர் கொஞ்சம் டைட்டாக இருக்கிறதே என்று பூஜைக்கு வைத்திருந்த நல்லெண்ணெயிலும் நாலு சொட்டு அதன் இடுக்கில் விட்டிருக்கிறார்.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் காலை படகு முதலாளியிடமிருந்து போன். நான் போனபோது கரையில் நல்ல கூட்டம். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். படகு ஓட்டுகிறவர் உள்ளே ஒரு காலை நீட்டி உட்கார்ந்தபடி லிவரை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"யோவ், ஒரு லிவர இழுக்க வக்கில்ல, உனக்கெல்லாம் எதுக்குய்யா படகு?" என்று முதலாளி கரையிலிருந்து கத்தினார். நாலு பேர் சிரித்தார்கள். ஒருத்தன் செல்போனில் படம் பிடித்தான்.

நான் படகுக்குள் இறங்கினேன். சாவியைத் திருப்பினேன், சத்தமே இல்லை. பேட்டரி சரி. மோட்டாரை நிறுத்துகிற சிவப்புக் கயிற்றின் கிளிப்பும் அதன் இடத்தில் இருந்தது. இந்த மோட்டார் நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். லிவர் நடுவில் இருந்தாலும் பின்னால் மோட்டார் நியூட்ரலுக்கு வரவில்லை. இரண்டு கேபிளையும் இரண்டு முனையிலும் கழற்றினேன். மோட்டார் பக்கம் கையால் தள்ளியதும் நியூட்ரலில் விழுந்தது. சாவி போட்டதும் பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு வந்து லிவரை ஆட்டினேன். சந்தனமும் எண்ணெயுமாக இருந்தும் ஒற்றை விரலுக்கு அசைந்தது. அப்படியென்றால் கோளாறு கேபிளில்.

சீட்டைத் தூக்கினேன். என் பச்சைக் கம்பி. அது இறுக்கியிருந்த இடத்தில் இரண்டு கேபிளும் மடங்கி நசுங்கிக் கிடந்தன.

கட்டை அறுத்து, கம்பியைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மடங்கினதை நிமிர்த்தி, அகலமாக வளைத்து விட்டு, முனைகளை மறுபடி மாட்டினேன். அதற்குள் முதலாளி தலையை நீட்டினார்.

"என்னாப்பா ஆச்சு?"

என் தப்புதான் என்று சொல்ல ஒரு மூச்சுதான் பிடிக்கும். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் விரலில் சந்தனம் ஒட்டியிருந்தது. அதைத் தூக்கிக் காட்டினேன்.

"ஆயுத பூஜைன்னு சந்தனத்தையும் எண்ணெயையும் உள்ள ஊத்தி வச்சிருக்காருங்க. பிசின் மாதிரி புடிச்சிக்கிச்சு. மோட்டார் என்ன சாமி செலையா, அபிஷேகம் பண்ண?"

கூட்டம் மறுபடியும் சிரித்தது. என் பேச்சுக்கு எப்போதும் சிரிப்பார்கள்.

முதலாளி அவரை அப்போதே இறங்கச் சொன்னார். அவர் எழ முயன்றார், முட்டி மடங்கவில்லை. "ஆடி அசைஞ்சி வராரு பாரு மாப்பிள்ள" என்று முதலாளி அவருடைய லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார். ஒரு கை கொடுக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் மச்சான் அந்த ஜாக்கெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். லிவர் வெண்ணெய் மாதிரி போனது.

கரையில் அவர் என் பக்கத்தில் வந்து கேட்டார்.

"தம்பி, நெஜமாவே நான்தான் கெடுத்துட்டனா?"

"ஆமாண்ணா" என்றேன்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. போன பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். அடி அண்ணாமலையில் ஒரு தள்ளுவண்டியில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். கூட்டம் நெருக்கியதில் உட்கார இடமில்லை. முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு, வண்டி விளிம்பைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றார். நான் நழுவப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"தம்பி! வாங்க, வாங்க" என்று நிஜமான சந்தோஷத்தோடு கூப்பிட்டார். நல்லதாக ஒரு காயைப் பொறுக்கி எடுத்து அரிந்தார்.

கத்தி பழசு, துடைத்துச் சுத்தமாக இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"இந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கத்திக்குக்கூட பொட்டு வைக்கல தம்பி. வண்டிய வீட்டம்மா கும்புட்டா, நான் தள்ளி நின்னுட்டேன். நம்ம கை பட்டா கெட்டுப்போவுது, எதுக்கு வம்பு? அன்னிக்கி நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

உப்பும் மிளகாய்த்தூளும் தடவி நீட்டினார். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதால் அங்கேயே நின்று முழுசையும் தின்று முடித்தேன்.