ஆறு மணி நேரம்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்து இருபத்திரண்டு வருடமாகிறது. இந்த மலையில் பிறந்தவர்கள், கல்யாணம் கட்டியவர்கள், செத்தவர்கள் எல்லாருடைய காகிதமும் ஒரு தடவையாவது என் மெஷினில் படுத்து எழுந்திருக்கும். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் நான்தான். அதனால் கலாவுக்குச் சட்டம் தெரியும் என்று ஊருக்குள் ஒரு பேச்சு. அந்தப் பேச்சை நானும் மறுத்ததில்லை. மறுத்திருக்க வேண்டும். மரியபுஷ்பத்தைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

புஷ்பக்காவுக்கு இப்போது வயது அறுபத்தொன்று. மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, பதினாறு வயதில் காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலைக்குப் போனார். கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் தனியே தள்ள வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. என் கடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே, துருப்பிடித்த குண்டூசிகளை எல்லாம் டப்பாவிலிருந்து பொறுக்கி ஓரமாக வைத்துவிடுவார்.

எஸ்டேட்டில் காலை ஏழரைக்கு ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு மணி அடிப்பார்கள். அடித்து முடிப்பதற்குள் வரிசையில் நிற்க வேண்டும். தாமதமாக வந்தால் அன்றைக்கு அரை நாள் கூலிதான். பேர் எழுதுகிற ரைட்டர் ஜேசுதாஸ். அவரைத்தான் அக்கா கட்டிக்கொண்டார். கல்யாணம் முடிந்து இரண்டாவது வாரம் அக்கா ஐந்து நிமிடம் பிந்திப்போனார். புதுப் பொண்டாட்டி என்றும் பார்க்காமல் மனுஷன் அரை நாள் எழுதிவிட்டார். அன்று ராத்திரி ரைட்டருக்கு அரைச் சோறுதான் விழுந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு அக்கா எதற்குமே பிந்தியதில்லை. ஒன்பது மணி பஸ்ஸுக்கு எட்டரைக்கே வந்து நிற்பார். கோயிலில் முதல் மணி அடிக்கும்போது அவர் ஏற்கனவே முட்டி போட்டிருப்பார். 'அக்கா, சாமியாரே இன்னும் பல் தேய்க்கலை' என்று நான் கிண்டல் செய்வேன்.

ரைட்டர் ஒரு தடவை மிளகு பறிக்க வைத்த ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். சேலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர், 'செத்தவங்க உடம்பை வச்சுத்தான் நாங்க எலும்பு, நரம்பு எல்லாம் படிச்சோம்' என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை அவர் மனதில் தங்கிவிட்டது. 2019இல் ஒரு நாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

“கலா, உடம்பு தானத்துக்கு ஒரு பாரம் வேணுமுங்க. இந்தத் தகடு கவுருமெண்டு தகடு. திருப்பிக் குடுத்துறோணுமல்ல?” என்றார்.

நான் சிரித்துக்கொண்டே சேலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியின் விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவராவது நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. சொந்தம் என்ற இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார். இன்னொரு சாட்சி நான். அவர்களுக்கு ஒரே மகள் ஷீனா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தாள். அவளுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். “அவ அழுவா. அப்பறம் சொல்லிக்கலாம்” என்றார் ரைட்டர்.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: “உசுரு போனா எத்தன மணி நேரத்துக்குள்ள அவங்களுக்கு அனுப்போணும் கலா?”

“ஆறு மணி நேரம்க்கா” என்றேன் நான்.

எதையும் பார்த்துச் சொல்லவில்லை. எங்கேயோ ஒரு சுவரொட்டியில் படித்த ஞாபகம். வாய்க்கு வந்ததை, ஆஸ்பத்திரி டீன் மாதிரி சொன்னேன். அக்கா அதை மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டார்.

2022 பிப்ரவரியில், காலை பத்து மணிக்கு, காப்பி காயப்போட்ட களத்தில் ரைட்டர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே போய்விட்டார். டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். மகளுக்குப் போன் போட்ட கையோடு அக்கா கல்லூரிக்கும் போட்டார். சட்டம் என்னவோ இருக்கட்டும். செத்தவர் கையெழுத்துப் போட்டிருந்தாலும், உடம்பை வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லாமல் எந்தக் கல்லூரியும் வீடு தேடி வந்து தூக்கிக்கொண்டு போவதில்லை. அக்கா சும்மா இருந்திருந்தால் சும்மாவே போயிருக்கும். அழுது அரற்ற வேண்டிய நேரத்தில் அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். மூன்றரைக்கு வண்டி கிளம்பியது. 'நேரத்துக்கு அனுப்பிப்போட்டேன் கலா' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நானும் தலையாட்டினேன்.

ஷீனா வந்து சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு தாயும் மகளும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். 'சாப்பிட்டியா, மழையா, பஸ் கெடச்சுதா' என்கிற பேச்சு. ஆனால் நவம்பர் இரண்டாம் தேதி வந்தால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். அன்று கல்லறைத் திருநாள். ஒரு வாரம் முன்பிருந்தே கல்லறைத் தோட்டத்தில் களை பிடுங்கி, மண்மேட்டைத் தட்டிச் சரிசெய்து, சுண்ணாம்பு அடிப்பார்கள். அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் ஆளுடைய கல்லறையைச் சுற்றிச் சாமந்தி தூவி, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை நிற்கும். அக்காவுக்கும் ஷீனாவுக்கும் நிற்க இடமில்லை. தோட்டத்து நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. வேறு ஊரில் அடக்கமானவர்களுக்காக அங்கேதான் மெழுகுவத்தி வைப்பார்கள். இவர்களும் அங்கேயே வைத்துவிட்டுத் திரும்புவார்கள்.

அக்கா வெளியே சொல்லமாட்டார். ஆனால் ரைட்டருக்காக அவர் ஏங்கிப்போனார். ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் சேலத்துக்குப் பஸ் ஏறி, அந்தக் கல்லூரி வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறார். உள்ளே போய்க் கேட்கக் கூச்சம். வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றாராம். “அதுல எந்தப் புள்ள அவரு காலப் பாத்துப் படிச்சுதோ” என்று என்னிடம் சொன்னபோது அவர் விரல்கள் குண்டூசி டப்பாவைத் தேடின.

போன அக்டோபரில் அக்கா மறுபடி வந்தார். இந்தத் தடவை பாரம் அவருக்கு.

“அவரு போன வழியிலயே நானும் போயிறேன் கலா” என்றார்.

பழைய விண்ணப்பம் மாறியிருக்குமோ என்று நான் கல்லூரிக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மா பொறுமையாகச் சொன்னார். மகள் இருப்பதால் மகளுடைய சம்மதக் கையெழுத்தும் வேண்டும். நான் சும்மா இருக்காமல், 'ஆறு மணி நேரத்துக்குள்ள அனுப்பணுமில்லீங்களா' என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

“அது கண் தானத்துக்குங்க. அதுக்குச் சட்டமே வேற. உடம்புன்னா ஃப்ரீசர் பெட்டியில வச்சு மறுநாள்கூட அனுப்பலாம். சொந்தக்காரங்க எல்லாம் வந்து பாத்து, கும்பிட்டு முடிக்கட்டும். நாங்க காத்திருப்போமுங்க” என்றார் அந்த அம்மா.

போனை வைத்துவிட்டுக் கடையைப் பாதி சாத்தினேன். அன்று எந்த வேலையும் ஓடவில்லை. அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வாரம் அதை விழுங்கிக்கொண்டு அலைந்தேன்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராக இரண்டு பேரும் என் கடைக்கு வந்தார்கள். ஷீனாவின் சுடிதாரில் மெழுகு சொட்டியிருந்தது. அக்கா அவளிடம் விஷயத்தை வழியிலேயே சொல்லியிருப்பார் போல. உள்ளே நுழைந்ததுமே அவள் வெடித்தாள்.

“நீங்களே கேளுங்க சித்தி. எல்லாரும் அவங்கவங்க அப்பா தலமாட்டுல பத்த வெக்கறாங்க. நான் போற வர்றவங்க மெழுகுவத்திக்கு நடுவுல பத்த வெக்கறேன். நாளைக்கு இவங்களுக்கும் அங்கயேதான் பத்த வெக்கோணுமா? எனக்குன்னு ஒரு குழிகூட வேண்டாமா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அக்கா கோபப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்.

“உங்கப்பா இன்னைக்கு அங்க இருக்க மாட்டாருன்னு எனக்கும் தெரியும் கண்ணு. படிச்சு முடிச்சு அவங்களே அடக்கம் பண்ணியிருப்பாங்க. ஆனா அவரு போன வாசல் அது ஒண்ணுதான எனக்குத் தெரியும்? நாப்பது வருசம் அவரு முன்னால போவாரு, நான் பின்னால போவேன். என்னைய மட்டும் இங்க மண்ணுல வெச்சா, நான் அவர எங்க போயித் தேடுவேன்?” அவள் கையைப் பிடித்து, “நீ இப்பக் கையெழுத்துப் போடு. நான் போன பொறவும் உனக்கு மனசு வரலீன்னா காலேஜுக்குப் போன் பண்ணாத. யாரும் வந்து கேக்க மாட்டாங்க. நானும் கோவிச்சுக்க மாட்டேன்” என்றார்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. ஷீனாவைப் பார்த்துச் சொன்னேன்.

“திட்டறதா இருந்தா என்னையத் திட்டு சாமி. ஆறு மணி நேரம்னு சொன்னது நான்தான். அது கண்ணுக்கு. உடம்புக்கு இல்ல. மறுநாள் வரைக்கும் வெச்சிருந்திருக்கலாம். நீ வந்து பாத்த பொறவு அனுப்பியிருக்கலாம். உங்கம்மா மேல ஒரு தப்புமில்ல. நான் தெரியாமச் சொன்னத அவங்க மணியடிச்ச மாதிரி செஞ்சுட்டாங்க.”

அக்கா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “அப்ப வெச்சிருந்திருக்கலாமா?” என்று மட்டும் கேட்டார். “ஒரு ராத்திரி எங்கூட ஊட்டுல இருந்திருப்பாரா?” எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஷீனா சுவரில் சாய்ந்து நின்றாள். இப்போது அவள் பேச்சில் கோபம் இல்லை.

“உங்கிட்டச் சொல்லலீம்மா. அன்னிக்கு நான் சேலத்துல டாக்சி பிடிச்சு ஏறி வந்தேன். பதினாலாவது வளைவுல எதுத்தாப்புல ஒரு வெள்ள வண்டி எறங்கி வந்துச்சு. எங்களப் பாத்து ஓரமா நின்னு வழி உட்டுச்சு. எங்க டிரைவர் கையத் தூக்கி நன்றி சொன்னாரு. நானும் பாத்தேன். வண்டியில கல்லூரி பேரு எழுதியிருந்துச்சு. எனக்கு ஒண்ணும் தோணல. ஊட்டுக்கு வந்து கட்டிலப் பாத்ததுக்கு அப்பறம்தான் தெரிஞ்சுது.”

மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழி விட வேண்டும். அதை இங்கே எல்லாரும் தினமும் பார்க்கிறோம். அன்றைக்கு அந்த வழியை மகளுக்கு விட்டு, ஜேசுதாஸ் ரைட்டர் ஓரமாக நின்றிருக்கிறார்.

அக்கா எழுந்து போய் மகளைக் கட்டிக்கொண்டார். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் இரண்டு பேரும் அழுது தீர்த்தார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் வாசலோடு திரும்பிப் போனார். நானும் கூப்பிடவில்லை.

கடைசியில் ஷீனா மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவைக் கேட்டாள்.

“போடறேன். ஆனா நான் வந்து மொகத்தப் பாத்த பொறவுதான் யாரையும் கூப்புடோணும். அத இதுல எழுதுங்க சித்தி.”

அதற்கெல்லாம் அந்த விண்ணப்பத்தில் இடம் கிடையாது. இருந்தாலும் ஓரத்தில் இருந்த வெள்ளை இடத்தில் நல்ல கையெழுத்தாக எழுதினேன்: 'மகள் ஷீனா வந்து பார்த்த பிறகு உடலை ஒப்படைக்க வேண்டும்.' இது சட்டப்படி செல்லுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஷீனா கையெழுத்துப் போட்டாள். அக்கா அந்த வரியை விரல் வைத்து இரண்டு தடவை படித்தார்.

“எத்தன நேரமானாலும் ஆவட்டும் கண்ணு” என்றார், மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டபடி. “நீ வர்ற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன். அங்க அந்த மனுசன் எனக்கு அரை நாள் எழுதுனா எழுதிக்கட்டும்.”