தொடக்கூடாத பிளக்

வாடிக்கையாளர்களின் வெப்சைட்டுகளை வாடகை சர்வரில் வைப்பதா, சொந்தமாக ஒன்று வாங்குவதா என்று வெகுநாள் யோசித்தேன். நம் பொருள் நம் கண்முன் இருக்கட்டும் என்று கந்தர்வக்கோட்டை வீட்டிலேயே சர்வரை வைத்தேன். “என்ன நடந்தாலும் இந்த பிளக்குல மட்டும் கை வைக்காத” என்று மனைவியிடம் அதட்டியும் வைத்தேன்.

கோடைமழையில் முந்திரித் தோப்புப் பக்கம் இடி விழுந்தது. எல்லா வீட்டிலும் செய்வதுபோல அவள் டி.வி., ஃபிரிட்ஜ் பிளக்குகளைப் பிடுங்கிவிட்டாள். சர்வர் மட்டும் கருகியது. அதிலேயே செருகியிருந்த பேக்கப் டிஸ்க்கும் போனது.

குவைத்தில் வேலை பார்க்கும் என் வாடிக்கையாளர் சலீம் பாய், இறந்துபோன மகளின் படங்களை அதில்தான் வைத்திருந்தார். வேறு பிரதி இல்லை. போனில் விஷயத்தைச் சொன்னேன்.

“இடி விழுந்தா நீங்க என்னங்க செய்வீங்க?” என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

இப்போதும் இடி இடித்தால் மனைவி ஓடியோடி பிளக்குகளைப் பிடுங்குகிறாள். செத்துப்போன சர்வரின் பிளக்கை மட்டும் தொடுவதில்லை. தொடச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.