யோரன் திருத்திய கிட்டார்

"ஸ்டெல்லனை உலகம் கண்டுக்கவே இல்ல." ஸ்வீடனில் எங்கள் போர்லெங்கே ஊர் பஸ் மெக்கானிக் யோரனின் இந்தப் புலம்பலை நாற்பது வருடமாகக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஸ்டெல்லன், எண்பதுகளில் எங்கள் ஊர் ஹார்ட் ராக் குழுவில் கிட்டார் வாசித்தவர். போன சனிக்கிழமை அவரே, அவர் பேரில் நாங்கள் நடத்தும் ரசிகர் மன்றத்துக்கு வந்து, காப்பி குடித்துவிட்டு, எங்களுக்குப் பிடித்த பாட்டை வாசித்தார். பாதியில் யோரன் எழுந்து நிறுத்தினான்.

"அண்ணே, மூணாவது சுரம் தப்பு. ரெக்கார்டுல அப்படி இல்ல."

"ரெக்கார்டுலதான்யா தப்பு. அன்னிக்கு விரல் வழுக்கிடுச்சு."

"இல்லண்ணே, அதுதான் சரி. நான் தினமும் வாசிக்கிறேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஸ்டெல்லன் கிட்டாரைக் கீழே வைத்தார்.

"அதே ரெக்கார்டுல இன்னும் எட்டுப் பாட்டு இருக்கு. ஒண்ணோட பேரைச் சொல்லு பாப்போம்."

யோரன் என்னைப் பார்த்தான். நான் காப்பிக் கோப்பையைப் பார்த்தேன்.