ஆளில்லாத வீட்டு வெந்நீர்

அர்லீன் பூஷே மூடியை உடனே திறந்துவிட மாட்டாள். தொட்டியின் பக்கப் பலகையில் காதை வைத்து, உள்ளே பம்பு முனகுகிறதா என்று கேட்பாள். கேட்டால், "உசிரோடதான் இருக்கியா, சரி" என்று அதனிடமே சொல்லிவிட்டு, துடைப்பத்தால் மூடிமேல் கிடக்கும் பனியைத் தள்ளுவாள்.

பாஸ்டன்காரர்கள் வெர்மாண்ட் மலையில் கட்டிப் போட்டிருக்கும் விடுமுறை வீடுகளைக் குளிர்காலத்தில் பார்த்துக்கொள்பவள் அவள். வீட்டைப் பூட்டிப் போட்டுவிடலாம்; பின்புற மரத்தளத்தில் இருக்கும் வெந்நீர்த் தொட்டியை அப்படி விட முடியாது. உட்கார்ந்து குளிக்க ஆள் இல்லாவிட்டாலும் தண்ணீர் இளஞ்சூட்டிலாவது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். "ஓட்டம் நின்னுச்சுன்னா குழாய்ல ஐஸ் கட்டி வெடிச்சிரும். அப்புறம் அதுல உருளைக்கிழங்குதான் பயிர் பண்ணணும்" என்பாள். சோதனைத் தாளைத் தண்ணீரில் முக்கி நிறம் பார்ப்பாள், மருந்து போடுவாள், வடிகட்டியை அலசுவாள். சூட்டுக்கு ஆசைப்பட்டுப் பம்புக்கடியில் குடியேறும் எலிகளை வாய்க்கு வந்தபடி திட்டுவாள்; ஆனால் கூட்டைக் கலைக்காமல் கொண்டுபோய் விறகுக் கொட்டகையில் வைப்பாள்.

அவள் புருஷன் நார்மண்ட் மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். சாய்ந்த மேப்பிள் மரம் ஒன்று முதுகை முறித்துப்போட்ட பிறகு, வீட்டில் தனியே கிடக்கப் பிடிக்காமல் அவளோடு வண்டியில் வருவான். போன குளிர்காலத்தில் ஒருநாள், திருமதி ஹாலோவெல்லின் விடுமுறை வீட்டில், தடியை ஊன்றித் தளம்வரைக்கும் வந்துவிட்டான். திறந்த தொட்டியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"கொஞ்ச நேரம் இறங்கிக்கிறேன் அர்லீன். முதுகு உசிரு போகுது."

"அடுத்தவங்க தொட்டி."

"அந்தம்மாதான் எப்ப வேணாலும் இறங்கிக்கோன்னு சொல்லுச்சே."

"அது மரியாதைக்குச் சொல்றது. நிஜம்னு நினைச்சு இறங்குவியா? நாளைக்கு ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?"

"இவ்வளவு வெந்நீரும் அப்ப யாருக்கு? மானுக்கா?" என்று சிரித்துவிட்டு அவன் வண்டிக்குத் திரும்பினான். தளத்துப் படிகளில் இறங்கும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கினான். அவள் மூடியைப் போட்டு வார்களை இழுத்து மாட்டினாள். அதன்பின் அவன் கேட்கவில்லை. பனி உருகும் காலத்தில், காலைக் காப்பி ஆறுவதற்குள் மாரடைப்பில் போய்விட்டான்.

இந்தக் குளிர்காலத்தில் திருமதி ஹாலோவெல் அதிசயமாய் வந்திருந்தாள். அர்லீன் தொட்டியைத் திறந்துகொண்டிருக்கும்போது, தோளில் சால்வையோடு தளத்துக்கு வந்தாள்.

"நார்மண்ட் பத்திக் கேள்விப்பட்டேன். மனசே ஆறலை. இந்தத் தண்ணி அவர் முதுகுக்கு இதமா இருக்கும்னுதான், நான் இல்லாதப்பவும் சூட்டைக் குறைக்க வேணாம்னு உங்ககிட்டச் சொல்லிவிட்டேன். அடிக்கடி இறங்குவாரா?"

சூட்டைக் குறைக்காதே என்று சொன்னது ஞாபகம் இருந்தது. பணக்காரர்களின் ஊதாரித்தனம் என்று அன்றைக்கு நார்மண்டிடம் சொல்லிச் சிரித்ததும் ஞாபகம் இருந்தது.

"இறங்குவார்," என்றாள் அர்லீன். "ரொம்ப சந்தோஷப்படுவார்."

"நல்லது. அது போதும்." அவள் அர்லீனின் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அர்லீன் தொட்டியின் ஓரத்தில் மண்டியிட்டாள். கோட்டைக் கழற்றவில்லை, கையுறையையும் கழற்றவில்லை. வலது கையைத் தோள்வரைக்கும் வெந்நீருக்குள் விட்டு, அப்படியே வைத்திருந்தாள்.